புதிய பறவை (திரைப்படம்)

புதிய பறவை 1964 ஆம் ஆண்டு செப்டம்பர் 12 ஆம் நாள் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஆகும். தாதா மிராசி இயக்கிய இம்மர்மப் படத்தில் சிவாஜி கணேசன், பி. சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம். ஆர். ராதா, வி. கே. ராமசாமி ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். சிவாஜி கணேசனின் சொந்த நிறுவனமான சிவாஜி பிலிம்ஸ் இதனைத் தயாரித்தது. வசனங்களை ஆரூர்தாஸ் எழுதினார். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைக்க, பாடல்களைக் கண்ணதாசன் இயற்றினார்.

சிங்கப்பூரிலிருந்து இந்தியா நோக்கி வரும் ஒரு பயணிகள் கப்பலில் கதை தொடங்குகிறது. துப்பறியும் கதைகளில் வழக்கமாகக் குற்றவாளி மறைந்திருப்பார். துப்பறிபவர் வெளிப்படையாக இருப்பார். இப்படத்தில் துப்பறிபவர்கள் இறுதிக்காட்சி வரை மறைந்திருக்கின்றனர். விசாரணை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதே கதைத் தலைவனுக்கும் பார்வையாளருக்கும் தெரியாது. தமிழ்த் துப்பறியும் படங்களுள் இது தனித்து நிற்பதற்கு இவ்வமைப்பே முதற்காரணம் ஆகும்.

மூலக்கதை

இப்படம் 1963 ஆம் ஆண்டு வெளிவந்த 'சேஷ் அங்கா' என்னும் வங்காளத் திரைப்படத்தைத் தழுவியது. 'இறுதி அங்கம்' எனப் பொருள்படும் அப்படத்தை ஹரிதாஸ் பட்டாச்சார்யா இயக்கினார். உத்தம் குமார், சர்மிளா தாகூர், சபித்ரி சாட்டர்ஜி ஆகியோர் அதில் நடித்தனர்.

வங்காளப் படத்திற்குத் தூண்டுகோலாக இருந்தது 1958 ஆம் ஆண்டு வெளிவந்த 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' என்ற பிரித்தானியத் திரைப்படம் ஆகும். மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய அப்படத்தில் ஆன் பாக்ஸ்டர், ரிச்சர்ட் டாட், ஹெர்பர்ட் லோம் ஆகியோர் நடித்தனர். எசுப்பானியக் கடற்கரை மாளிகை ஒன்றில் வாழும் வைரச் சுரங்கக் குடும்பத்துப் பெண்ணிடம், இறந்துபோன அவளுடைய அண்ணன் தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் வந்து சேர்கிறான். அவன் அண்ணன் இல்லை என்பதை அவளால் எவருக்கும் மெய்ப்பிக்க இயலவில்லை. இறந்தவர் மீண்டும் வந்து நின்றால் அவரைக் கொன்றவர் என்ன செய்வார் என்பதே அக்கதையின் கரு.

இதே கருவை ஒட்டிய பிரெஞ்சு நாடகம் ஒன்றும் உண்டு. ராபர்ட் தாமஸ் எழுதி 1960 ஆம் ஆண்டு பாரிசில் மேடையேறிய அந்நாடகத்தில், காணாமற்போன மனைவி என்று கூறிக்கொண்டு வேறொருத்தி கணவனின் வீட்டிற்கு வருகிறாள்.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: கதையின் முடிவு உள்ளிட்ட முழு விவரங்களும் கீழே தரப்பட்டுள்ளன.

கப்பற்பயணம்

செல்வந்தரான கோபால் (சிவாஜி கணேசன்) சிங்கப்பூரிலிருந்து கப்பலில் தாயகம் திரும்புகிறார். அதே கப்பலில் லதா (பி. சரோஜாதேவி) என்னும் இளம்பெண்ணும் அவளுடைய தந்தை ராமதுரையும் (வி. கே. ராமசாமி) பயணம் செய்கின்றனர். பயணத்தினிடையே கோபாலுக்கும் லதாவுக்கும் நட்பு ஏற்படுகிறது. தரை இறங்கியதும் அவ்விருவரையும் உதகையிலுள்ள தம் மாளிகையில் தங்குமாறு கோபால் அழைக்கிறார். அவர்களும் இசைகின்றனர். நட்பு காதலாகிறது.

முதல் மனைவி

ஓடும் தொடர்வண்டியைக் காணும்போதெல்லாம் கோபால் நிலைகுலைந்து போகிறார். அதன் காரணத்தை லதா கேட்கிறாள். கோபால் தம் கடந்தகாலத்தைக் கூறுகிறார். தாயை இழந்த துயரத்தில் இருந்தபோது சிங்கப்பூரில் இரவு விடுதிப் பாடகியான சித்ராவை (சௌகார் ஜானகி) அவர் சந்தித்தார், அவளை மணந்துகொண்டார். மணத்திற்குப் பின் அவள் குடிப்பழக்கத்திலும் கட்டுப்பாடற்ற வாழ்விலும் மூழ்கினாள். அவளது நடத்தையைக் கண்ட அதிர்ச்சியில் கோபாலின் தந்தை இறந்தார். பின்னர் சித்ரா இருப்புப்பாதையில் தன்னை மாய்த்துக்கொண்டாள். இவ்வாறு கோபால் கூறுவதைக் கேட்ட லதா அவருக்கு ஆறுதல் கூறுகிறாள். திருமணம் உறுதி செய்யப்படுகிறது.

மீண்டும் வந்தவள்

கோபால் - லதா திருமண நிச்சய விருந்து நடக்கும்போது, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட சித்ரா அங்கு வந்து நிற்கிறாள். அவளுடைய மாமா என்று கூறிக்கொண்டு ரங்கன் (எம். ஆர். ராதா) உடன் வருகிறார். வந்தவள் தன் மனைவி இல்லை என்று கோபால் வாதிடுகிறார். அவர் எடுத்துக்காட்டும் ஒவ்வொரு சான்றும் பயனற்றுப் போகிறது. வந்தவளோ மாளிகையிலேயே தங்கிவிடுகிறாள். சுற்றியுள்ளோர் கோபாலை ஐயத்துடன் நோக்குகின்றனர். லதாவும் விலகிச் செல்வாளோ என்ற அச்சம் அவரை வாட்டுகிறது.

முடிவு

இறுதியில் மனம் உடைந்த கோபால், வந்திருப்பவள் சித்ராவாக இருக்கவே முடியாது என்பதற்குரிய உண்மைக் காரணத்தை வெளியிடுகிறார். சினத்தில் தாம் சித்ராவை அறைந்ததாகவும், இதயம் பலவீனமான அவள் அந்த அடியிலேயே விழுந்து இறந்ததாகவும், குடும்ப மானத்தைக் காக்க அவளது உடலை இருப்புப்பாதையில் கிடத்தித் தற்கொலை போலத் தோன்றச் செய்ததாகவும் அவர் கூறுகிறார்.

அந்த வாக்குமூலத்திற்காகவே அனைவரும் காத்திருந்தனர் என்பது அப்போது வெளிப்படுகிறது. ரங்கன், ராமதுரை, சித்ராவாக வந்தவள் ஆகிய மூவரும் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். லதாவும் அவர்களுள் ஒருத்தி. கப்பலில் நிகழ்ந்த முதற்சந்திப்பு முதல் அனைத்தும் திட்டமிட்ட விசாரணையின் பகுதிகளே. கடமைக்காகப் பழகத் தொடங்கிய தான் பின்னர் உண்மையாகவே காதலித்ததாக லதா கூறுகிறாள். அவர் திரும்பி வரும்வரை காத்திருப்பதாகவும் உறுதியளிக்கிறாள். கோபால் கைது செய்யப்படுவதோடு படம் நிறைவுறுகிறது.

நடிகர்கள்

- சிவாஜி கணேசன் - கோபால்
- பி. சரோஜாதேவி - லதா
- சௌகார் ஜானகி - சித்ரா. சித்ராவாக நடிப்பவள் (இரட்டை வேடம்)
- எம். ஆர். ராதா - ரங்கன்
- வி. கே. ராமசாமி - ராமதுரை
- நாகேஷ், மனோரமா, எஸ். வி. ராமதாஸ், ஓ. ஏ. கே. தேவர் ஆகியோரும் நடித்துள்ளனர்.

தயாரிப்பு

சிவாஜி கணேசனின் திரைவாழ்வில் 1964 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்க ஒன்றாகும். அவ்வாண்டின் பொங்கலன்று புராணப் படமான 'கர்ணன்' வெளிவந்தது. அவருடைய நூறாவது படமான 'நவராத்திரி' அதே ஆண்டு நவம்பர் மாதம் தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் இடையில் வெளிவந்த 'புதிய பறவை', மேலைநாட்டு உடை, விருந்து, மகிழுந்து, பியானோ ஆகியவை நிறைந்த செல்வர் உலகைக் காட்டியது. ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தின் ஒளிப்பதிவை கே. எஸ். பிரசாத் மேற்கொண்டார். தமிழ்ப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்த காலம் அது.

இயக்குநர் தாதா மிராசி இதற்கு முந்தைய ஆண்டில் சிவாஜி கணேசன், சாவித்திரி நடித்த 'இரத்தத் திலகம்' படத்தை இயக்கியிருந்தார். பின்னர் 1971 ஆம் ஆண்டு வெளிவந்த 'மூன்று தெய்வங்கள்' படத்தையும் இயக்கினார்.

கப்பலும் கதைக்களமும்

கதை தொடங்கும் கப்பற்பயணம் அக்காலத் தமிழ்ப் பார்வையாளருக்கு அயலான ஒன்றாக இருக்கவில்லை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றோர், வணிகர், அவர்களைக் காணச் சென்ற உறவினர் எனப் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலிலேயே பயணம் செய்தனர். பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் 'ரஜூலா' 1926 ஆம் ஆண்டு கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்தது. அதன் பின் இத்தடத்தில் ஓடிய 'எம். வி. சிதம்பரம்' கப்பல் 1985 ஆம் ஆண்டு தீவிபத்துக்குள்ளானது. அதன் பின்னர் இப்பயணிகள் கப்பல் சேவை தொடரவில்லை. படம் வெளிவந்த நேரத்தில் சிங்கப்பூர் மலேசியக் கூட்டரசின் பகுதியாக இருந்தது. 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்ட் வரை அந்நிலை நீடித்தது.

இத்தகைய பயணம் பல நாட்கள் நீடிக்கும். முன்பின் அறியாதவர்கள் ஒரே உணவுக்கூடத்திலும் மேல்தளத்திலும் மீண்டும் மீண்டும் சந்திப்பது இயல்பு. தொடர்வண்டியிலோ பேருந்திலோ சில மணி நேரத்தில் முடியும் அறிமுகம், கப்பலில் குடும்ப நட்பாக வளரும். ஒருவரின் நம்பிக்கையைப் பெற விரும்பும் மாறுவேடக் காவலருக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை எனலாம். பயணிகள் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்வதைக் கரை சேரும்வரை எவரும் சரிபார்க்க இயலாது. படத்தின் முடிவை அறிந்தபின் மீண்டும் பார்க்கும்போது, எளிய காதல் காட்சிகளாகத் தோன்றிய கப்பற்காட்சிகள் விசாரணையின் முதற்கட்டமாக மாறிவிடுகின்றன.

துப்பறியும் இலக்கியத்தில் கப்பல் ஒரு மூடிய களமாகப் பயன்பட்டு வந்துள்ளது. அகதா கிறிஸ்டி 1937 ஆம் ஆண்டு எழுதிய 'டெத் ஆன் த நைல்' புதினம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இப்புதினம் 1978 ஆம் ஆண்டு ஜான் கில்லர்மின் இயக்கத்தில் திரைப்படமாகியது. துப்பறிவாளர் எர்க்கியூல் புவாரோவாக பீட்டர் உஸ்தினோவ் நடித்த அப்படத்தில் இந்திய நடிகர் ஐ. எஸ். ஜோஹரும் நீராவிக் கப்பலின் மேலாளராகத் தோன்றினார். அங்கு கொலை கப்பலிலேயே நிகழ்கிறது. கொலையாளியும் கப்பலிலேயே இருக்கிறார். துப்பறிவாளர் ஒவ்வொருவராக அழைத்து வெளிப்படையாக விசாரித்து, இறுதியில் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி உண்மையை விளக்குகிறார்.

'புதிய பறவை'யில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. கொலை முன்பே, வேறோரிடத்தில் நிகழ்ந்து முடிந்துவிட்டது. கப்பலில் ஒரே ஒருவர் மீதுதான் ஐயம். அவரைச் சுற்றியிருப்போரே துப்பறிபவர்கள். இறுதிக் கூட்டத்தில் உண்மையை விளக்குபவரும் குற்றவாளியே ஆவார்.

துப்பறியும் முறை

கோபாலுக்கு விரிக்கப்படும் வலை ஓர் எளிய தருக்கத்தின் மீது அமைந்தது. சித்ரா தற்கொலை செய்துகொண்டாள் என்பது ஊரறிந்த செய்தி. அவள் இறக்கவே இல்லை என்று ஒருத்தி வந்து நின்றால், குற்றமற்ற கணவன் வியப்பான், குழம்புவான், ஒருவேளை இறந்தது வேறு எவரோ என்றும் எண்ணக்கூடும். அவளைக் கொன்றவன் மட்டுமே எள்ளளவும் ஐயமின்றி, இவள் அவள் இல்லை என்று அறிவான். ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதை அவன் சொல்ல இயலாது. சொன்னால் குற்றவாளி; சொல்லாவிட்டால் மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்ய முயன்றவன். இவ்விரண்டுக்கும் இடையில் கோபால் நெருக்கப்படுகிறார்.

லதாவின் பங்கு இங்குதான் இன்றியமையாததாகிறது. சித்ராவாக வந்தவள் அச்சத்தை மட்டுமே தர முடியும். அச்சத்தால் மட்டும் ஒருவர் வாய்திறக்க மாட்டார். இழக்க விரும்பாத ஒன்று அவருக்கு இருக்கவேண்டும். லதாவின் அன்பு அந்த ஒன்றாக அமைகிறது. அவளை இழக்காமல் இருக்கவே கோபால் உண்மையைக் கூறுகிறார். கூறியதாலேயே அவளை இழக்கிறார்.

பார்வையாளருக்கு உரிய தடயங்கள் முழுவதும் மறைக்கப்படவில்லை. கப்பலில் அறிமுகமான தந்தையும் மகளும் அழைத்தவுடன் ஒருவரின் மாளிகையில் வந்து தங்குவதும், தொடர்வண்டியைக் கண்டு அவர் நடுங்குவதன் காரணத்தை லதா கேட்டறிவதும் அத்தகையவை. காதல் கதைக்கு இயல்பான நிகழ்ச்சிகளாக அவை அமைந்திருப்பதால் கவனத்திற்குத் தப்பிவிடுகின்றன.

நடிகர் தேர்வு

இப்படத்தில் நடிகர்களின் முந்தைய திரைத்தோற்றமே ஒரு மாறுவேடமாகப் பயன்பட்டுள்ளது.

எம். ஆர். ராதா 'ரத்தக்கண்ணீர்' (1954), 'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு' (1961) ஆகிய படங்களின் வழியே எதிர்மறைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றவர். அவர் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு செல்வர் வீட்டிற்குள் நுழைந்தவுடன், சொத்துக்காக வந்த ஏமாற்றுக்காரன் என்றே அன்றைய பார்வையாளர் எண்ணியிருப்பர். அவர் சட்டத்தின் பக்கம் நிற்பவர் என்பதை எதிர்பார்க்க வழியில்லை.

விருதுநகரைச் சேர்ந்த வி. கே. ராமசாமி, 1947 ஆம் ஆண்டு வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் ஏறத்தாழ இருபத்தொரு வயதிலேயே முதியவராக நடித்தவர். அதுமுதல் தந்தை வேடங்கள் அவருக்கு நிலைத்துவிட்டன. ஆகவே கதாநாயகியின் தந்தையாக அவர் தோன்றும்போது அதனை ஐயுற எவருக்கும் தோன்றாது. உண்மையில் இப்படம் வெளிவந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

சௌகார் ஜானகி 'சௌகாரு' (1950) என்னும் தெலுங்குப் படத்தின் பெயரைத் தம் பெயருடன் பெற்றவர். துயரம் சுமக்கும் குடும்பப் பெண்ணாகவே அவர் அதுவரை பெரிதும் அறியப்பட்டிருந்தார். இரவு விடுதிப் பாடகியாக நவநாகரிக உடையில் அவர் தோன்றியது புதுமையாக இருந்தது. அவரது திரைவாழ்வில் திருப்பமாக இவ்வேடம் கருதப்படுகிறது.

பி. சரோஜாதேவி கள்ளங்கபடமற்ற பெண்ணாகப் பல படங்களில் நடித்தவர். கோபாலின் பெயரை அவர் இழுத்து அழைக்கும் விதம் பிற்காலத்தில் பலகுரல் கலைஞர்களால் ஓயாது பின்பற்றப்பட்டது. நகைச்சுவையாக நினைவுகூரப்படும் அந்த அழைப்பு, கதைக்குள் ஒரு காவல் அதிகாரியின் நடிப்பு என்பது பலருக்கும் மறந்துபோன செய்தி ஆகும். சரோஜாதேவி 2025 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் காலமானார்.

கோபால் வேடம் சிவாஜி கணேசனுக்கு இரு அடுக்கு நடிப்பைக் கோரியது. வெளியே பண்பும் நகைச்சுவையும் கொண்ட செல்வர். உள்ளே ஓயாத குற்றவுணர்வு. இரண்டாவதை அவர் முதலில் தொடர்வண்டிக் காட்சிகளில் மட்டும் வெளிப்படுத்திப் பின்னர் சிறிது சிறிதாக மேலெழச் செய்கிறார்.

பாடல்கள்

அனைத்துப் பாடல்களையும் கண்ணதாசன் இயற்றினார். டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோர் பாடினர்.

- எங்கே நிம்மதி - டி. எம். சௌந்தரராஜன்
- ஆஹா மெல்ல நட - டி. எம். சௌந்தரராஜன்
- சிட்டுக்குருவி - பி. சுசீலா
- பார்த்த ஞாபகம் இல்லையோ - பி. சுசீலா (மகிழ்ச்சி, சோகம் என இரு வடிவங்கள்)
- உன்னை ஒன்று கேட்பேன் - பி. சுசீலா, சோக வடிவம் டி. எம். சௌந்தரராஜன்

மர்மப் படங்களில் பாடல்கள் கதையோட்டத்தைத் தடுப்பதாகக் கூறப்படுவதுண்டு. இப்படத்தில் அவை கதையின் உறுப்பாகவே உள்ளன. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' முதலில் இரவு விடுதியில், இலத்தீன் அமெரிக்க நடன இசையின் சாயலில், சித்ராவின் அறிமுகமாக ஒலிக்கிறது. அதே பாடல் பின்னர் சோக வடிவில் மீண்டும் ஒலிக்கும்போது, நினைவிருக்கிறதா என்ற கேள்வி மிரட்டலாக மாறுகிறது. அப்பாடல் கோபாலின் மனநிலையைக் குலைக்கும் கருவியாகவும் அமைந்துவிடுகிறது.

'எங்கே நிம்மதி' பாடல் பெரிய இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. கோபாலின் மனத்துள் நிகழும் கனவுக்காட்சியாக அது படமாக்கப்பட்டுள்ளது. சொல்லமுடியாத குற்றத்தைச் சுமப்பவரின் நிலை, அவர் வாக்குமூலம் தருவதற்கு முன்பே இப்பாடலில் வெளிப்பட்டுவிடுகிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் 1965 ஆம் ஆண்டு பிரிந்தனர். ஆகவே அவர்கள் இணைந்து பணியாற்றிய இறுதிக்காலப் படங்களுள் இதுவும் ஒன்றாகும்.

சட்டப் பார்வை

படம் கைதுடன் முடிந்துவிடுகிறது, நீதிமன்றம் காட்டப்படவில்லை. ஆயினும் காவலர்கள் பெற்ற வாக்குமூலத்தின் மதிப்பு பற்றிய வினா இயல்பாகவே எழுகிறது.

படம் வெளிவந்த காலத்தில் நடைமுறையிலிருந்த 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 25 ஆம் பிரிவில், காவல் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று கூறியது. கேட்பவர் காவல் அதிகாரி என்பது சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்பிரிவின் சொற்களில் இல்லை. மறுபுறம், ஏற்கத்தக்க ஒப்புதல் ஏமாற்றிப் பெறப்பட்டது என்பதற்காக மட்டுமே ஏற்கத்தகாததாகி விடாது என்று 29 ஆம் பிரிவு கூறியது. ஒப்புதல் வாக்குமூலத்தை முறையாகப் பதிவு செய்யும் அதிகாரம் நீதித்துறை நடுவருக்கே உண்டு. சித்திரவதையாலும் அச்சுறுத்தலாலும் காவல்நிலையங்களில் ஒப்புதல்கள் பெறப்படுவதைத் தடுப்பதே 25 ஆம் பிரிவின் நோக்கம் ஆகும். 1872 ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இத்தடையைத் தன் 23 ஆம் பிரிவில் தொடர்கிறது.

ஆகவே மாறுவேடக் காவலர்களிடம் கோபால் கூறிய சொற்களைக் கொண்டே இந்தியாவில் வழக்கை மெய்ப்பிப்பது எளிதன்று. மேலும், ஓர் அறையால் நிகழ்ந்த இறப்பு சட்டப்படி கொலை ஆகுமா என்பதும் தனியே ஆராயத்தக்கது. உடலை இருப்புப்பாதையில் கிடத்தியது சான்றை மறைத்த குற்றமாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 201 ஆம் பிரிவு அதனைக் குறித்தது. படம் இவ்வினாக்களுள் நுழையவில்லை. குற்றவாளியின் மனச்சான்றே இங்கு நீதிமன்றமாகக் கொள்ளப்படுகிறது.

சித்ராவின் பக்கம்

படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோபாலின் துயரத்தையும் லதாவின் இரட்டை நிலையையும் குறிப்பிடுவர். இறந்த சித்ராவைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. ஆனால் கதையமைப்பில் ஒன்று கவனிக்கத்தக்கது. சித்ரா எவ்வாறு வாழ்ந்தாள், எவ்வாறு நடந்துகொண்டாள் என்பதைப் பார்வையாளர் கோபாலின் வாயிலாக மட்டுமே அறிகின்றனர். அவளைக் கொன்றவரே அவளது வரலாற்றையும் சொல்பவர். அவர் முதலில் கூறிய வரலாற்றின் முடிவு பொய் என்று பின்னர் தெரியவருகிறது. எஞ்சிய பகுதிகள் எவ்வளவு உண்மை என்பதைப் படம் வினவுவதில்லை.

குடிப்பழக்கமும் கட்டுப்பாடற்ற வாழ்வும் உடைய மனைவியாக அவள் காட்டப்படுவதால், அவளது இறப்பு ஏறக்குறைய அவளே தேடிக்கொண்டதாகப் பார்வையாளர் மனத்தில் பதிகிறது. கணவன் மனைவியை அடிப்பது குற்றமாகக் கருதப்படாத அக்காலச் சூழலும் இதற்குத் துணைபுரிந்தது. ஆயினும் கதையின் கட்டமைப்பு வேறொன்றையும் சொல்கிறது. குடும்ப மானம் என்ற பெயரில் மூடி மறைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரணத்தை, அரசு மறக்க மறுத்து, நாடு கடந்து வந்து விசாரிக்கிறது. விருந்து மண்டபத்தில் வந்து நிற்பவள் போலி என்றாலும், அவள் கேட்கும் கணக்கு உண்மையானது. படத்தின் பெரும்பகுதியில் கோபாலின் பக்கம் நின்று, வந்தவளை வெறுத்த பார்வையாளரும் இறுதிக்காட்சியில் தாம் எவர் பக்கம் நின்றோம் என்று எண்ணிப்பார்க்க நேர்கிறது.

தமிழ்த் துப்பறியும் படங்களில் இடம்

தமிழில் துப்பறியும் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றின. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் புதினங்கள் பெருவாரியாகப் படிக்கப்பட்டன. பின்னர் தமிழ்வாணன் உருவாக்கிய சங்கர்லால் என்னும் துப்பறிவாளர் புகழ்பெற்றார்.

திரைப்படத்தில் எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954 ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' ஒரு முன்னோடி. பாடல்களே இல்லாத அப்படம் இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றிய விசாரணையைக் கூறுகிறது. ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாகவும், சிவாஜி கணேசன் கொல்லப்பட்டவராகவும் நடித்தனர். பத்தாண்டுகள் கழித்து வந்த 'புதிய பறவை'யில் சிவாஜி கணேசன் கொன்றவராக நடித்தார். இரு படங்களிலும் அவர் மாசற்ற நாயகனாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எஸ். பாலச்சந்தரின் 'பொம்மை' 1964 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967), 'நடு இரவில்' (1970) ஆகிய மர்மப் படங்கள் வந்தன. இவற்றுள் 'நடு இரவில்' அகதா கிறிஸ்டியின் கதையமைப்பைப் பின்பற்றித் தனிமைப்பட்ட ஒரு மாளிகையில் நிகழ்வது. இவற்றில் கொலையாளி யார் அல்லது மர்ம உருவம் யார் என்பதே இறுதிவரை நிற்கும் வினா. 'புதிய பறவை'யில் அத்தகைய வினாவே எழுப்பப்படுவதில்லை. வினா இல்லாத இடத்தில் விடை வெளிப்படுவதே அதன் திடுக்கிடும் முடிவுக்குக் காரணம் ஆகும்.

படத்தின் முடிவு இன்று பரவலாக அறியப்பட்ட ஒன்றாகிவிட்டது. அவ்வாறிருந்தும் இப்படம் மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகிறது. முதன்முறை காதல் கதையாகத் தோன்றுவது இரண்டாம் முறை விசாரணைப் பதிவாகத் தோன்றுகிறது. கப்பலில் லதா சிரிக்கும் முதற்காட்சிக்கு இரு பொருள் கிடைக்கிறது. அவள் எப்போது நடிப்பதை நிறுத்தினாள் என்பதை ஒவ்வொரு பார்வையாளரும் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- அந்த நாள் (திரைப்படம்)
- சிவாஜி கணேசன் நடித்த திரைப்படங்களின் பட்டியல்
- விஸ்வநாதன் - ராமமூர்த்தி
- அகதா கிறிஸ்டி